காற்றுக்கு ஒரு பூட்டு

ஊருக்குப் புறப்படும்போது வாசற்கதவைப் பூட்டாமல் என்றைக்காவது போயிருக்கிறீர்களா?

இப்படிக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். கோபித்துக் கொள்ளாதீர்கள், நேயர்களே! பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருக்கோடி வரை நடந்த பிறகு சந்தேகம் தட்டி, திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற ரகம் நாம். அதெல்லாம் சரிதான். ஆனால் அதே வீட்டில் இன்னொரு கதவு இருக்கிறது. அதற்கு நிலை கிடையாது; தாழ்ப்பாள் கிடையாது; கண்ணுக்கும் தெரியாது. கூடத்து அலமாரியின் மேல் பச்சை விளக்கைச் சிமிட்டிக் கொண்டு ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறதே, அந்த வை-ஃபை பெட்டியைத்தான் சொல்கிறேன். சிலர் மோடம் என்பார்கள். சிலர் ரவுட்டர் என்பார்கள். பெயர் எதுவானால் என்ன? அந்தக் கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்ததுண்டா?

நானும் பார்த்ததில்லை, சென்ற மாதம் கள்ளக்குறிச்சிக்குப் போகிற வரையில்.

சித்தியின் புகார்

கள்ளக்குறிச்சியில் என் சித்தப்பா வீடு இருக்கிறது. அரிசி மில்லில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று அல்லவா? உத்தியோகஸ்தர்கள் வந்து இறங்கினார்கள். சித்தப்பாவும் மாடியில் ஓர் அறை கட்டி, "மாடி வாடகைக்கு" என்று கேட்டில் பலகை மாட்டிவிட்டார்.

நான் பையைக் கீழே வைப்பதற்குள் சித்தி தன் குறையை ஆரம்பித்தாள்.

"நெட்டா தம்பி இது? கோடைக் காலத்துக் குழாயாட்டம் சொட்டுச் சொட்டா வருது. பெங்களூர்ல இருக்கிற பேரனை வீடியோவில பார்த்தா, இன்னைக்கு வாயைத் திறந்தான்னா நாளைக்குத்தான் மூடுறான்!"

"கம்பெனிக்காரன் ஏமாத்தறான்டா" என்றார் சித்தப்பா.

பெட்டிக்குள் ஒரு பதிவேடு உண்டு. எந்தெந்தக் கருவி இப்போது அதோடு இணைந்திருக்கிறது என்று அது காட்டும். அதைத் திறந்து வைத்துக் கொண்டு, "வீட்டிலே எத்தனை இருக்கிறது?" என்று கேட்டேன். சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். அவர் போன், சித்தி போன், தங்கையின் கம்ப்யூட்டர், டி.வி. ஆக மொத்தம் நாலு.

பதிவேட்டில் பதினொன்று இருந்தது!

"திருட்டுப் பசங்களா!" என்று சித்தப்பா எழுந்தே விட்டார். திருடர் யாரும் இல்லை. ஒன்று எதிர்வீட்டுப் பையனுடையது. ஒன்று, மாடியைக் காலி செய்துவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோன ஆசாமியுடையது. இன்னும் நம் காற்றைத்தான் சுவாசித்துக் கொண்டிருந்தார். மற்றவை யாருடையவை என்று கடைசி வரை தெரியவில்லை.

"இவங்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு எப்படிடா தெரிஞ்சுது?"

"என்ன பாஸ்வேர்டு வைத்தீர்கள்?"

சித்தப்பா குரலைத் தாழ்த்தி, ரகசியம் போலச் சொன்னார்: "என் செல் நம்பர்."

நான் ஒன்றும் பேசாமல் அவரை வாசலுக்கு அழைத்துப் போனேன். "மாடி வாடகைக்கு" என்ற பலகையின் கீழே, தெரு முழுதும் படிக்கும்படி, கொட்டை எழுத்தில் அந்த நம்பர் எழுதியிருந்தது.

சுவர் அறியாத அலை

"போனால் போகிறது, நாலு பேர் உபயோகித்தால் என்ன குறைந்துவிடும்?" என்று சில நேயர்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் ரேடியோ பாடினால் தெருவே கேட்டது. லைசென்ஸ் வைத்திருந்தவர் கோபித்துக் கொள்ளவில்லையே!

நியாயமான கேள்வி. ரேடியோவுக்கும் வை-ஃபைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒரு வித்தியாசமும் உண்டு.

ஒற்றுமை என்னவென்றால், இரண்டும் சுவரை மதிப்பதில்லை. 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ், கம்பியில்லாமல் அலையை அனுப்பி, சுவர்களுக்கு அப்பால் இருந்த மணியை அடிக்கச் செய்தார். வெடி மருந்தையும் பற்ற வைத்தார். அதே இனத்து அலைதான் உங்கள் பெட்டியிலிருந்தும் புறப்படுகிறது. கட்டிடத்துக்குள்ளே சுமார் 150 அடி, வெட்டவெளியில் 300 அடி போகும். காம்பவுண்டுச் சுவர் வந்துவிட்டது, நின்றுகொள்வோம் என்று அதற்குத் தோன்றாது.

வித்தியாசம் என்னவென்றால், ரேடியோவில் கேட்க மட்டும்தான் முடியும். வை-ஃபையிலோ பேசவும் முடியும். பேசுவது யாரோ, வெளி உலகத்தில் பதிவாகிற விலாசம் உங்களுடையது! பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ரேடியோவைக் கேட்பது வேறு. உங்கள் பெயர் அச்சடித்த காகிதத்தில் கடிதம் எழுதுவது வேறு அல்லவா?

நவி மும்பையில் நடந்தது

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நம் தேசத்திலேயே நடந்திருக்கிறது.

2008 ஜூலை 26-ம் தேதி அகமதாபாத் நகரில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்பு பத்திரிகைகளுக்கும் டி.வி. நிலையங்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. "நாங்கள்தான் செய்கிறோம்" என்று கொக்கரித்த கடிதம். எந்த விலாசத்திலிருந்து வந்தது என்று போலீஸார் தேடிக்கொண்டு போனார்கள். போய் நின்ற இடம், நவி மும்பையில் சான்பாடா என்ற பகுதியில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு.

அவருக்கும் அந்தக் கடிதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: வீட்டு வை-ஃபைக்குப் பூட்டுப் போடவில்லை. யாரோ ஒருவன் அந்தத் திறந்த அலையில் புகுந்து கடிதத்தை அனுப்பிவிட்டுப் போய்விட்டான். விசாரணை என்னவோ வீட்டுக்காரருக்கு!

அத்தோடு நிற்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்குள் மும்பையில் மாதுங்காவில் இருக்கும் ஒரு கல்லூரியின் வை-ஃபை, செம்பூரில் ஒரு கம்பெனியின் வை-ஃபை என்று இதே தந்திரம் திரும்பத் திரும்ப நடந்தது. திறந்து கிடக்கும் வை-ஃபைகளைத் தெருத் தெருவாகப் போய்த் தேடப் போவதாக 2009 ஜனவரியில் மும்பைப் போலீஸார் அறிவித்தார்கள். பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வை-ஃபை இணைப்புகளைப் பாதுகாப்பில்லாமல் விடக்கூடாது என்று இணையக் கம்பெனிகளுக்கு உத்தரவு அனுப்பியது.

இதைச் சொன்னதும் சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "வாடகைப் பலகையை இப்பவே எடுத்துடட்டுமா?" என்றார்.

பலகை இருக்கட்டும்; பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்றேன்.

கணக்குப் பிள்ளைக்கு ஒரு கணக்கு

ஆனாலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. "பலகையிலே எழுதினது தப்பு, ஒத்துக்கறேன். எழுதாம இருந்தா? பத்து இலக்கம்டா! எவனால ஊகிக்க முடியும்?"

கணக்குப் பிள்ளைக்குக் கணக்கால்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் போன் வை-ஃபையோடு சேரும்போது இரண்டும் கைகுலுக்கிக் கொள்கின்றன. அந்தச் சமயத்தில் காற்றில் போகும் சில வரிகளை ஒருவன் பிடித்துக் கொண்டால் போதும். தன் வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரில் வைத்து, நிதானமாக ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கலாம். வீடியோ விளையாட்டுக்காகக் கடையில் விற்கிற கிராஃபிக்ஸ் கார்டுகளில் உயர்ந்த ரகம் ஒன்று, வினாடிக்குப் பத்து லட்சம் சாவிகளுக்கு மேல் போட்டுப் பார்த்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நம் நாட்டுச் செல் நம்பர்கள் 6, 7, 8, 9 என்ற நாலு எண்களில் ஒன்றில்தான் ஆரம்பிக்கின்றன. ஆகவே மொத்தம் 400 கோடி நம்பர்கள். வினாடிக்குப் பத்து லட்சம் வீதம் 4,000 வினாடி. அதாவது ஒரு மணி ஏழு நிமிஷம்! சாப்பிட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போட்டு எழுந்திருப்பதற்குள் பூட்டுத் திறந்துவிடும். எட்டு இலக்க எண் எதுவானாலும் 100 வினாடி. பிறந்த தேதியோ, கேட்கவே வேண்டாம். நூறு வருஷத்துத் தேதிகள் அத்தனையும் சேர்த்தாலும் நாற்பதாயிரத்தைத் தொடாது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

"அப்ப என்னதான் வைக்கிறது?"

இந்தப் பத்திரிகையையே எடுத்துக் கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடத்தில் பிரியுங்கள். தொடர்கதைப் பக்கமானாலும் சரி, விளம்பரமானாலும் சரி, விரல் பட்ட சொல்லைக் குறித்துக் கொள்ளுங்கள். உலக்கை, பஞ்சாங்கம், நண்டு, ஜன்னல், மாமியார் என்று ஒன்றுக்கொன்று உறவில்லாத ஐந்து சொற்கள் கிடைக்கும். சாதாரணமான 2,000 சொற்களிலிருந்து இப்படி ஐந்து பொறுக்கினால், மேலே சொன்ன கார்டுக்கு எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஆயிரம் வருஷத்துக்கு மேல் பிடிக்கும். பெட்டிக்குத் தமிழ் எழுத்துப் புரியாது. ஆகையால் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்களை அடியுங்கள். மொத்தம் 63 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு விண்ணப்பம்: உலக்கையையும் மாமியாரையும் விட்டுவிடுங்கள். அவை அச்சேறிவிட்டன!

பத்து நிமிஷ வேலை

அன்று மாலை சித்தப்பா வீட்டில் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் செய்யலாம்.

முதலில் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டிய சீட்டில் ஓர் எண் விலாசம் இருக்கும், பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். வீட்டு வை-ஃபையில் இணைந்திருக்கும் போனிலோ கம்ப்யூட்டரிலோ, பிரவுசரைத் திறந்து அந்த விலாசத்தை அடித்தால் பெட்டியின் உள்ளறை திறக்கும். சில கம்பெனிகள் தங்கள் ஆப் மூலமாகத்தான் உள்ளே விடும். ஒன்றும் புரியாவிட்டால், இணைப்புக் கொடுத்த ஆளைக் கூப்பிட்டுப் பக்கத்திலேயே நின்று செய்யச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை மட்டும் நீங்களே அடியுங்கள்.

உள்ளறைக்கு என்று தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. கடையிலிருந்து வரும்போது பல பெட்டிகளில் அது 'அட்மின்' என்றே இருக்கும். ஊருக்கெல்லாம் தெரிந்த சாவி! முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

இரண்டாவது, பூட்டின் ரகம். 1997-ல் வந்த முதல் பூட்டுக்கு டபிள்யூ.ஈ.பி. என்று பெயர். அதன் சூட்சுமம் 2001-லேயே உடைந்துவிட்டது. 2004-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.-2 இருந்தால் போதும். 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.-3 இருந்தால் இன்னும் விசேஷம். இந்தப் புதுப் பூட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகக் குடைய முடியாது. ஒவ்வொரு சாவிக்கும் வாசலுக்கே வந்து தட்ட வேண்டும்.

மூன்றாவது, ஐந்து சொல் பாஸ்வேர்டு. நான்காவது, டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணைத்துவிடுவது. பாஸ்வேர்டு அடிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காக ஏற்பட்ட கொல்லைப்புற வாசல் அது. எட்டு இலக்க எண் ஒன்று அதற்குச் சாவி. ஆனால் அந்த எண்ணைப் பெட்டி இரண்டு பாதியாகச் சரி பார்க்கிறது. அதனால் அதிகம் போனால் 11,000 தடவை முயன்றாலே திறந்துவிடும் என்று 2011 டிசம்பரில் அம்பலமாயிற்று.

ஐந்தாவது, பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிப்பது. டபிள்யூ.பி.ஏ.-2-லேயே ஓர் ஓட்டை இருப்பதை 2017-ல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டுபிடித்தார். புதுப்பித்த கருவிகளில் அந்த ஓட்டை அடைபட்டது.

"வை-ஃபை பேரை மறைச்சு வைச்சா போதாதா?" என்று கேட்டாள் தங்கை. போதாது. பெயர்ப் பலகையை எடுத்துவிட்டால் வீடு மறைந்து போகிறதா என்ன? ஆனால் பெயரில் கதவு எண்ணையோ, குடும்பப் பெயரையோ போடாமல் இருப்பது நல்லது.

எல்லாம் முடிந்தது. பதிவேட்டில் பதினொன்று மறைந்து நாலு வந்தது. பெங்களூர்ப் பேரன் வாயைத் திறந்தான், உடனே மூடினான். சித்திக்குப் பரம சந்தோஷம்.

வெள்ளிமலையில் ஒரு கேள்வி

மறுநாள் பத்திரிகை வேலையாகக் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டேன். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. மலையாளிகள் என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள் வாழும் மலை இது. கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆளுகிறவர்கள். மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் தேனும் இங்கே உண்டு. செல்போன் சிக்னல்தான் வளைவுக்கு வளைவு கண்ணாமூச்சி ஆடுகிறது.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டில் சிறிது நேரம் தங்க நேர்ந்தது. சாலை ஓரத்து வீடு. வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் போனும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவி போனைக் காதில் வைத்து, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனோடு பேசிக் கொண்டிருந்தாள். சிக்னல் இல்லாவிட்டாலும் வை-ஃபை வழியாகவே போன் பேசலாம் அல்லவா? அந்த வட்டாரத்துக்கு அந்த வீட்டு வை-ஃபைதான் ஊர்க்கிணறு. அதற்குப் பூட்டே இல்லை.

நான் என் புதுப் புலமையை எல்லாம் எடுத்துவிட்டேன். சான்பாடா கதையையும் சொன்னேன். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வாசலைக் காட்டினார்.

"நீங்க சொல்றது சரிதான் ஸார். அருவி பார்க்க வர்ற கார்க்காரங்களும் இங்கே நிறுத்தி உபயோகப்படுத்துறாங்க. யார் எவர்னு தெரியாது. நான் அரசாங்க உத்தியோகத்துல இருக்கிறவன், பயமாத்தான் இருக்கு. ஆனா பூட்டிட்டா இந்தப் புள்ளைங்க எங்கே ஸார் போகும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சித்தப்பா வீட்டில் ஏழு பேரை வெளியே தள்ளிவிட்டுப் பெருமைப்பட்டுக் கொண்டு வந்தவன் நான். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டு போவதென்று அரசாங்கம் திட்டம் தொடங்கியிருக்கிறது. ஊராட்சிக்குக் கம்பி வந்தாலும், அது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைகிற வரையில் படிக்கிற பிள்ளை காத்திருக்க முடியுமா?

அந்த வீட்டின் திண்ணையைப் பார்த்தேன். விடை அங்கேயே இருந்தது.

திண்ணையும் வீடும்

நம் முன்னோர் வீடு கட்டியபோது ஒரு காரியம் செய்தார்கள். உள்ளே கதவுக்குப் பெரிய தாழ்ப்பாள் போட்டார்கள். வெளியே திண்ணை கட்டினார்கள். வழிப்போக்கன் திண்ணையில் படுக்கலாம். ஒரு சொம்புத் தண்ணீரும் கிடைக்கும். நெற்குதிரும் நகைப் பெட்டியும் தாழ்ப்பாளுக்கு உள்ளே. பூட்டியதால் தர்மம் குறையவில்லை. திண்ணை இருந்ததால் களவும் போகவில்லை.

வை-ஃபை பெட்டியிலும் இப்படி ஒரு திண்ணை உண்டு! 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று அதற்குப் பெயர். விருந்தாளி இணைப்பு என்று சொல்லலாம். அநேகமாக எல்லாப் புதுப் பெட்டிகளிலும் இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டாவதாக ஒரு பெயர் தெரியும். அதற்குத் தனிப் பாஸ்வேர்டு. அதில் வருகிறவர் இணையத்துக்குப் போகலாம். உங்கள் கம்ப்யூட்டரையோ, கேமராவையோ, பெட்டியின் உள்ளறையையோ எட்டிப் பார்க்க முடியாதபடி தடுத்து வைக்கலாம். சில பெட்டிகளில், இத்தனை மணிக்கு மேல் இல்லை என்று நேரம் குறிக்கவும் வசதி உண்டு.

ஒன்றை மறக்கக் கூடாது. திண்ணையும் உங்கள் வீட்டுத் திண்ணைதான். அங்கிருந்து போகிற கடிதத்திலும் உங்கள் விலாசமே பதிவாகும். ஆகவே அதற்கும் பாஸ்வேர்டு வேண்டும். முகம் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆசிரியரும் நானும் உட்கார்ந்து கால் மணியில் செய்து முடித்தோம். பிள்ளைகளிடம் புதுப் பாஸ்வேர்டைச் சொன்னார். கிழவியின் போனில் அவரே அடித்துக் கொடுத்தார். சாலையில் வந்து நின்ற ஒரு காரிலிருந்து, "ஸார், வை-ஃபை கிடைக்குமா?" என்று குரல் வந்தது. "உட்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க. எந்த ஊரு?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். திண்ணையின் லட்சணம் அதுதானே!

இன்னும் ஒரு வார்த்தை. இந்தப் பூட்டு காற்றுக்குத்தான். உங்கள் வாய்க்கு அல்ல. "பாங்கியிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று ஒருவன் போனில் கேட்டு, நீங்களும் சொல்லிவிட்டால், எந்த வை-ஃபை பூட்டும் காப்பாற்றாது. அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மலையிலிருந்து இறங்கியதும் நேரே சித்தப்பா வீட்டுக்குப் போய், அங்கேயும் ஒரு திண்ணையைத் திறந்து வைத்தேன். எதிர்வீட்டுப் பையன் பிளஸ் டூ படிக்கிறானாம். அவனுக்குச் சித்தி தன் வாயாலேயே பாஸ்வேர்டைச் சொன்னாள். பதிலுக்கு அவன் கறிவேப்பிலை, கொத்துமல்லி வாங்க ஓடுகிறான். இரவு பத்து மணிக்குத் திண்ணை தானாகச் சாத்திக் கொள்கிறது.

உள் கதவுக்கு மறுபடியும் ஒரு புதுப் பாஸ்வேர்டைச் சித்தி என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டு அவளே அடித்தாள். என்ன ஐந்து சொற்கள் என்று கேட்டேன்.

"உனக்கா? நீ பத்திரிகைக்காரனாச்சே தம்பி! எழுதித் தொலைச்சுடுவே" என்றாள்.